வேகத்துக்கு முன் அமைதி
(காற்றுக் குழாய்களில் வரிச்சீர் ஓட்டம் குறித்துப் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் மூன்று தரப்பினர் அமர்ந்திருக்கிறீர்கள். தகடு வளைத்து டக்ட் செய்கிறவர்கள், புளோயர் பொருத்துகிறவர்கள் ஒரு தரப்பு. பொறியியல் கல்லூரியில் புராஜெக்ட் செய்ய வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பிள்ளைகள் இன்னொரு தரப்பு. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் மூன்றாவது. மூவருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு குழாய்க்குள் காற்று வேகமாகவும் போக வேண்டும், கலங்காமலும் போக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா?

நடக்கும். எந்த அளவுக்கு நடக்கும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கலங்காத காற்று வேண்டுமென்றால் மோட்டாருக்குச் செலவிடும் பணத்திலும் கவனத்திலும் பெரும்பகுதியைக் குழாயின் வாய்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். காற்றுக்கு வேகம் கொடுப்பதற்கு முன்னால் அமைதி கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பிறகு எதைச் செய்தும் சரிசெய்ய முடியாது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். காற்றோட்டம் இல்லாத அறையில் ஊதுவத்தி ஏற்றிவைத்துப் பாருங்கள். புகை முதலில் நேர்க்கோடாக ஏறும். சற்று உயரம் போனதும் நெளியும், பிறகு சிதறிச் சுருளும். கீழே இருப்பதைப் பாடநூல் வரிச்சீர் ஓட்டம் என்கிறது, மேலே இருப்பதைச் சுழற்சி ஓட்டம் என்கிறது. முதல் வகையில் காற்றின் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வழுக்கிச் செல்கின்றன. இரண்டாவதில் படலங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

குழாய்க்குள் வரிச்சீர் ஓட்டத்தின் விதியை முதலில் அளந்து சொன்னவர்களில் ஒருவர் புதுச்சேரிக்காரர்களின் நாவுக்கு எளிதாக வரும் பெயருக்கு உரியவர்: ழான் லெயோனார் மரி புவாசெய். பாரீஸ் மருத்துவர். அவருடைய அக்கறை காற்றிலோ குழாயிலோ இல்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படிப் போகிறது என்பதில் இருந்தது. அதற்காக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள கண்ணாடிக் குழாய்களில் நீரை விட்டு, 1840-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஜெர்மனியில் ஹாகன் என்ற பொறியாளர் 1839-லேயே தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அழுத்தம் மாறாமல் இருந்தால், குழாயின் விட்டத்தைப் பாதியாக்கும்போது ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மெல்லிய குழாய், மெதுவான ஓட்டம் என்ற எல்லைக்குள் இந்த விதி பிசகுவதே இல்லை. குழாயைப் பெரிதாக்கி, வேகத்தைக் கூட்டினால் விதி கைவிட்டுவிடும். ஏன் கைவிடுகிறது என்பதை 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் காட்டினார்.

வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, காற்றின் பாகுத்தன்மைக்கான ஓர் அளவால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். நம் ஊர் வெப்பநிலையில், சுமார் 30 டிகிரியில், அந்த வகு எண் வினாடிக்கு 0.000016 சதுர மீட்டர். குழாயில் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2,000-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரணக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2,000 என்ற எண் வருவதற்குக் காற்றின் வேகம் வினாடிக்கு 32 சென்டிமீட்டர் போதும். நாம் நடக்கும் வேகத்தில் கால் பங்குதான் அது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்றை விட்டால் எண் 62,500. எல்லையைப்போல முப்பது மடங்கு.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பெரும்பாலோர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 2,000-ஐத் தாண்டினால் சுழற்சி ஓட்டம்தான், வேறு வழியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ரெனால்ட்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய சோதனையை முழுதாகப் பார்த்தால் இது தெரியும்.

பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பி, அசைவெல்லாம் அடங்கும்வரை மணிக்கணக்கில் விட்டுவைத்தார். தொட்டிக்குள் கிடைமட்டமாக ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் முனை நேராக வெட்டிவிட்டதுபோல இல்லாமல், எக்காளத்தின் வாய்போல விரிந்து வளைந்திருந்தது. அந்த வாயில் சாயத்தை மெல்லிய இழையாக விட்டார். வேகம் கூடக்கூட, சாய இழை ஒரு கட்டத்தில் உடைந்து குழாய் முழுக்கக் கலந்தது. அது உடைந்தது 2,000-இல் அல்ல. தொட்டி நன்றாக அடங்கியிருந்தபோது ரெனால்ட்ஸ் எண் சுமார் 13,000 வரை இழை உடையாமல் ஓடியது. ஸ்வீடனைச் சேர்ந்த எக்மன் 1910-இல் அதே கருவியில் இன்னும் கவனமாகச் சோதித்து 40,000-ஐத் தாண்டினார். 1961-இல் வெர்னர் ஃபெனிங்கர் நுழைவாயிலை மிகக் கவனமாக அமைத்த ஒரு குழாயில் 1,00,000 வரை வரிச்சீர் ஓட்டத்தைக் காப்பாற்றினார்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, மான்செஸ்டரில் பத்திரமாக வைத்திருந்த ரெனால்ட்ஸின் கருவியிலேயே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இழை 13,000-க்கு முன்பே உடைந்துவிட்டது. கருவி பழுதாகவில்லை. தெருவில் ஓடிய மோட்டார் வண்டிகளின் அதிர்வு, ரெனால்ட்ஸ் காலத்தில் இல்லாத அதிர்வு, தொட்டி வரைக்கும் வந்துவிட்டது. விழுப்புரம் சாலையோரம் இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஆக 2,000 என்ற எண்ணின் பொருள் என்ன? அதற்குக் கீழே காற்றை எப்படிக் கலக்கினாலும் கலக்கம் தானாக இறந்துவிடும். அதற்கு மேலே கலக்கம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் யாராவது அதை உள்ளே விட்டால்தான். 2011-இல் கெர்ஸ்டின் அவிலா, பியோர்ன் ஹோஃப் முதலியோர் இந்தக் கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார்கள். குழாய்க்குள் தோன்றும் கலக்கத் திட்டுகள் சில தாமே மறைகின்றன, சில இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. மறைவதும் பெருகுவதும் சமமாக இருக்கும் இடம் 2,040. அதற்குமேல் பெருக்கம் வெல்கிறது. நேரான வட்டக் குழாயில் வரிச்சீர் ஓட்டம் மிக மிகச் சிறிய அசைவுகளால் தானாகக் கவிழ்ந்துவிடும் என்று காட்டுகிற கணக்கு எதுவும், எந்த வேகத்துக்கும், இதுவரை கிடைக்கவில்லை. ஓட்டத்தைக் கெடுப்பது வேகம் அன்று. வாசல் வழியாக நாம் அனுமதிக்கும் கலக்கம்.

கலக்கத்தை உள்ளே விட்டால் அளவுகளே பொய்யாகிவிடும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. கோபுரம் கட்டிய குஸ்தாவ் எய்ஃபெல், முதுமையில் காற்றியல் ஆராய்ச்சியில் இறங்கினார். 1909-இல் தம் கோபுரத்தின் அடியிலேயே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். 1912-இல் பாரீஸின் ஓத்தோய் பகுதிக்கு மாற்றினார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஒரு கோளத்தின் மீது காற்று எவ்வளவு இழுவிசை தருகிறது என்று எய்ஃபெல் அளந்தார். ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் காற்றியல் அறிஞர் பிரான்டலின் ஆய்வுக்கூடமும் அதையே அளந்திருந்தது. எய்ஃபெலின் எண் கெட்டிங்கன் எண்ணில் பாதிகூட இல்லை. இருவரில் யார் தவறு?

யாரும் தவறில்லை. 1914-இல் பிரான்டல் ஒரு கோளத்தைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தினார். இழுவிசை சட்டென்று குறைந்தது. கோளத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய எல்லைப் படலம் வரிச்சீராக இருந்தால், அது சீக்கிரமே மேற்பரப்பை விட்டு விலகி, பின்னால் அழுத்தம் குறைந்த பெரிய கலக்கத்தை விடுகிறது. படலமே கலங்கிவிட்டால் இன்னும் பின்வரை ஒட்டிக்கொண்டு போகிறது, இழுவிசை குறைகிறது. எய்ஃபெலின் சோதனையில் வேகம் அதிகம், படலம் கலங்கிவிட்டிருந்தது, கெட்டிங்கனில் கலங்கவில்லை. காற்றோடு வரும் கலக்கமும் இந்த மாற்றத்தை முன்பின்னாக நகர்த்தும் என்பது பிறகு தெளிவானது. அதன்பின் பல ஆண்டுகள், ஒரு காற்றுச் சுரங்கத்தின் தரத்தை அறிய ஒரு கோளத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பது வழக்கமாக இருந்தது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. புதுப் பந்தின் தையல் ஒரு பக்கப் படலத்தைக் கலக்கிவிடுகிறது; மறுபக்கம் வழுவழுப்பாகச் சீராக இருக்கிறது. இரு பக்கமும் காற்று வெவ்வேறு இடத்தில் விலகுவதால் பந்து வளைகிறது. இதை 1983-இல் நேச்சர் இதழில் அளவுகளோடு எழுதியவர்களில் ஒருவர் ரபீந்திர மேத்தா. அதே மேத்தா 1979-இல் பீட்டர் பிராட்ஷாவுடன் சேர்ந்து சிறிய காற்றுச் சுரங்கங்களை வடிவமைக்கும் விதிகளை எழுதினார். இனி நான் சொல்லப்போகும் பட்டறை விஷயங்கள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவை.

பட்டறைக்குள் போவதற்கு முன் ஒரு தெளிவு தேவை. புவாசெய் சொன்ன முழுமையான வரிச்சீர் ஓட்டம், நடுவில் அதிக வேகமும் சுவரோரம் பூஜ்ஜிய வேகமுமாக அமைவது, உருவாகவே நீளம் வேண்டும். 2,000 என்ற எண்ணில் விட்டத்தைப்போல 120 மடங்கு நீளம். நம் 10 சென்டிமீட்டர் குழாய்க்கு 12 மீட்டர். வேகம் கூடினால் நீளமும் கூடும். எனவே நடைமுறையில் நாம் கட்டும் குழாய்களில், நடுவே ஒரே வேகத்தில் நகரும் காற்று, சுவரை ஒட்டி மெல்லிய எல்லைப் படலம், இவ்வளவுதான் இருக்கும். வேகமான டக்டில் வரிச்சீர் ஓட்டம் வேண்டும் என்று கேட்பவர் உண்மையில் கேட்பது இரண்டு: நடுவில் ஓடும் காற்று அமைதியாக இருக்க வேண்டும், சுவரோரப் படலம் தேவையான தூரம்வரை உடையாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது முதலாவதைச் சார்ந்தது. வினாடிக்கு 30 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கலங்கிய காற்றில், மேற்பரப்பின் முனையிலிருந்து 27 சென்டிமீட்டர் போவதற்குள் படலம் உடையத் தொடங்கலாம். அமெரிக்காவில் ஹியூ டிரைடன் தலைமையில் இயங்கிய குழுவில், ஷூபவரும் ஸ்கிராம்ஸ்டாடும் 1940-களில் காற்றின் கலக்கத்தைச் சராசரி வேகத்தில் 0.08 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது நுண்ணிய கம்பி வலைகள். அப்போது படலம் ஐந்து மடங்குக்கு மேல் தாக்குப்பிடித்தது. நம் எடுத்துக்காட்டில் அது ஒன்றரை மீட்டர். வேகத்தைத் துளியும் குறைக்காமல், காற்றை அமைதிப்படுத்தியதால் மட்டும் கிடைத்த நீளம் இது. வரிச்சீர் ஓட்டம் உடைவதற்கு முன் தோன்றும் மெல்லிய அலைகளை, டோல்மீனும் ஷ்லிக்டிங்கும் தாளில் கணக்கிட்டு வைத்திருந்த அலைகளை, முதன்முறையாகக் கருவியில் பார்க்க முடிந்ததும் அங்கேதான். அதுவரை மற்ற சுரங்கங்களின் இரைச்சலில் அவை மறைந்துகிடந்தன.

இனிச் செய்முறை. காற்று போகும் வழியிலேயே நாமும் போவோம்.

முதலில் விசிறி. அதைக் குழாயின் முன்னால் வைத்து ஊதாதீர்கள். பின்னால் வைத்து உறிஞ்சுங்கள். விசிறியின் இறக்கைகள் காற்றை முறுக்கி, வெட்டித்தான் அனுப்பும். அறையில் அசையாமல் நிற்கும் காற்றைப்போல அமைதியான காற்று வேறெங்கும் கிடைக்காது. அதை அப்படியே உள்ளே இழுப்பதுதான் புத்திசாலித்தனம். எய்ஃபெலும் ஓத்தோயில் விசிறியைப் பின்னால்தான் வைத்தார். ஊதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அடுத்துச் சொல்லப்போகும் வலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாய். வெட்டிவிட்ட தகட்டு முனையில் காற்று திரும்ப முடியாமல் பிய்ந்து, உள்ளே நுழையும்போதே சுழலோடு நுழைகிறது. விளிம்பைப் பெல்மவுத்தாக வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். ரெனால்ட்ஸின் எக்காள வாய் அலங்காரத்துக்காகச் செய்ததல்ல.

மூன்றாவது, தேன்கூட்டுத் தட்டு. வாய்க்குப் பின்னால் குழாய் மிக அகலமாக இருக்கட்டும்; காற்று அங்கே மெதுவாக நகரட்டும். அந்த அகலமான பகுதியின் குறுக்கே, சிறு சிறு அறைகளால் ஆன தட்டு ஒன்றை வைக்க வேண்டும். மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்தில் கூட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளாமல் இருக்கக் கம்பு கட்டிப் பிரிப்பார்களே, அந்த வேலையைத்தான் இது காற்றுக்குச் செய்கிறது. ஒவ்வோர் அறையின் நீளமும் அதன் அகலத்தைப்போல 6 முதல் 8 மடங்கு இருக்க வேண்டும். அலுமினியத் தேன்கூடு விலை அதிகம் என்றால், மாணவர்கள் குளிர்பான ஸ்ட்ராக்களை அடுக்கிச் செய்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: 6 மில்லிமீட்டர் ஸ்ட்ராவில் காற்று வினாடிக்கு 5 மீட்டர் போனாலும் ரெனால்ட்ஸ் எண் 1,875-தான். பெரிய குழாயில் பிழைத்துக்கொள்ளும் கலக்கம், சிறிய அறைக்குள் இறந்துவிடும்.

நான்காவது, வலைகள். தேன்கூடு பக்கவாட்டு அசைவையும் முறுக்கையும் அடக்கும். நேர்த்திசையில் ஓரிடத்தில் வேகமாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் வரும் காற்றைச் சமப்படுத்துவது கம்பி வலை. வேகமான பகுதிக்கு வலை அதிகத் தடை கொடுக்கும், மெதுவான பகுதிக்குக் குறைந்த தடை கொடுக்கும். வெளியே வரும்போது இரண்டும் நெருங்கிவிடும். ஒரே முரட்டு வலையைவிட, இடைவெளி விட்டு வைத்த இரண்டு மூன்று மெல்லிய வலைகள் மேல். வலையின் திறந்த பரப்பு 57 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் துளைகளிலிருந்து வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதிய கோணல்களை உண்டாக்கும் என்று பிராட்ஷா 1960-களில் கண்டறிந்தார். வலையில் தூசி அடைத்தாலும் இதே கேடுதான். நம் ஊர்க் கடற்காற்றின் உப்பும் தெருப் புழுதியும் சேர்ந்தால் வலை சீக்கிரம் அடைபடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வாங்கி, கழற்றிக் கழுவும்படி பொருத்துங்கள்.

ஐந்தாவது, காத்திருப்பு. கடைசி வலையைத் தாண்டியதும் உடனே குழாயைக் குறுக்காதீர்கள். வலைக் கம்பிகளே உண்டாக்கிய நுண்சுழல்கள் அடங்க, அந்த அகலமான பகுதியின் விட்டத்தில் பாதி நீளமாவது வெறுமனே விட்டுவைக்க வேண்டும்.

ஆறாவது, குறுகு கூம்பு. வேகம் இங்கேதான் பிறக்கிறது. அமைதியும் இங்கேதான் முழுமையடைகிறது. அகலமான பகுதியின் பரப்பு, குறுகிய குழாயின் பரப்பைப்போல 6 முதல் 9 மடங்கு இருப்பது வழக்கம். 9 மடங்கு என்றால் காற்றின் வேகம் 9 மடங்காகும். நேர்த்திசை அசைவோ, சராசரி வேகத்தோடு ஒப்பிடும்போது, 81-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பக்கவாட்டு அசைவு மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். பிரான்டல் 1930-களில் போட்ட கணக்கு இது. தேன்கூடு ஏன் முன்னால் வேண்டும் என்பது இப்போது புரியும்: கூம்பால் நன்றாக அடக்க முடியாத பக்கவாட்டு அசைவை அது முன்பே அடக்கி வைத்துவிடுகிறது. கூம்பின் சுவர் நேர்ச்சரிவாக இருக்கக் கூடாது. தொடக்கத்திலும் முடிவிலும் குழாயோடு இழைந்து, நடுவில் வளைந்திருக்க வேண்டும். வளைவு திடீரென்று இருந்தால் சுவரோரம் காற்று பிய்ந்துகொள்ளும். இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

ஏழாவது, சுவர். இணைப்புகளில் ஒரு மில்லிமீட்டர் படிகூட எல்லைப் படலத்துக்குப் பெரிய மேடு. பிரான்டலின் கம்பி வளையம் செய்த வேலையை உங்கள் ரிவெட் தலை செய்துவிடும். உள்பக்கம் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சீலன்ட் பிதுங்கி நிற்கக் கூடாது. விசிறிக்கும் குழாய்க்கும் இடையே கான்வாஸ் அல்லது ரப்பர் இணைப்பு கொடுங்கள். மோட்டாரின் அதிர்வு தகட்டின் வழியே முன்னால் ஓடிவந்துவிடக் கூடாது.

எட்டாவது, விரிகூம்பு. குறுகு கூம்புக்குப் பின்வரும் குறுகிய குழாய்தான் சோதனைப் பகுதி; அதற்கும் விசிறிக்கும் இடையே குழாய் மெல்ல விரியட்டும். இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட கோணம் 5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஓட்டம் நிலையாக இருக்கும். அவசரப்பட்டு அகலமாக விரித்தால் சுவரை விட்டுக் காற்று விலகி, அழுத்தம் துடிக்கும். அந்தத் துடிப்பு முன்பக்கமும் தெரியும். வேகத்தை மீண்டும் அழுத்தமாக மாற்றிக் கொடுப்பதால் மின்சாரமும் மிச்சம். எய்ஃபெல் ஓத்தோயில் செய்த முக்கியமான முன்னேற்றமே இதுதான்.

ஆக, எட்டு வேலைகளில் மோட்டாரைப் பற்றியது ஒன்று; சோதனைப் பகுதிக்குக் காற்று வந்து சேரும் முன் நடப்பவை ஐந்து.

ஒருமுறை கலங்கிய காற்றை மீண்டும் சீராக்க முடியுமா என்ற கேள்வி எழும். இதற்கு விடை தேடியதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1951-இல் சதீஷ் தவான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் இஸ்ரோவின் தலைவராக இருந்த அதே தவான்தான். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெங்களூருக் கழகத்தில் 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட காற்றுச் சுரங்கம் 1950-களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. தவானும் அவருடைய மாணவர் ரோதம் நரசிம்மாவும் 1958-இல் எழுதிய கட்டுரை, வரிச்சீர்ப் படலம் சுழற்சிப் படலமாக மாறும் இடைப்பட்ட பகுதியை எப்படிக் கணக்கிடுவது என்று காட்டியது. மாற்றம் ஒரே கோட்டில் நிகழ்வதில்லை. அங்கங்கே கலக்கப் பொட்டுகள் பிறந்து, வளர்ந்து, ஒன்றுகூடி முழுதையும் விழுங்குகின்றன. அந்தப் பொட்டுகள் ஒரு குறுகிய பட்டைக்குள்ளேயே பிறக்கின்றன என்ற நரசிம்மாவின் கருதுகோள் இன்றும் டர்பைன் வடிவமைப்பாளர்களுக்குப் பயன்படுகிறது.

எதிர்த்திசை மாற்றத்தை அதே கழகத்தின் பத்ரி நாராயணன் 1968-இல் ஆராய்ந்தார். தட்டையான ஒரு டக்டில் முதலில் காற்றைச் சுழற்சி ஓட்டமாக விட்டார். பிறகு டக்டைப் பக்கவாட்டில் அகலப்படுத்தினார். வேகம் குறைந்து, ரெனால்ட்ஸ் எண்ணும் குறைந்தது. கலக்கம் படிப்படியாக அடங்கி, வேகப் பரவல் புவாசெய் சொன்ன பரவளைய வடிவத்தை நோக்கிப் போனது. டக்டின் பாதி உயரத்தை அளவுகோலாகக் கொண்டால், இந்த மீட்சிக்கான எல்லை 1,400, பிசகு 50-க்குள். பெங்களூரில் ஒரு டக்டில் எடுத்த இந்த எண்ணை உலகெங்கும் மேற்கோள் காட்டினார்கள்.

வேகத்தைக் குறைத்தால் அடங்குவது சரி. வேகத்தைக் கூட்டியும் அடக்கலாம் என்பதுதான் வியப்பு. மிக வேகமாகக் குறுகும் கூம்பில், காற்று திடீரென்று முடுக்கப்படும்போது, கலங்கிய படலமே மீண்டும் வரிச்சீராக மாறுவதைப் பலரும் கண்டிருந்தார்கள். இதை நரசிம்மாவும் கே.ஆர். ஸ்ரீனிவாசனும் 1973-இல் விளக்கினார்கள். முடுக்கத்தை உண்டாக்கும் அழுத்த விசை மிகப் பெரிது. கலக்க விசைகள் மெதுவாகத்தான் மாறும். எனவே ஓட்டம் கலக்கத்தைப் பொருட்படுத்தாமல் போய்விடுகிறது. கலக்கம் அழியாமலேயே செல்வாக்கை இழக்கிறது. 2018-இல் ஹோஃபின் குழு, குழாயின் நடுப்பகுதிக்கும் சுவரோரத்துக்கும் இருக்கும் வேக வேறுபாட்டைத் தட்டையாக்கி, முழுதாகக் கலங்கிய ஓட்டத்தை வரிச்சீராக மாற்றிக் காட்டியது. ஆனாலும் இவை ஆய்வுக்கூட வெற்றிகள். பட்டறையில் மலிவான வழி, கலங்க விடாமல் இருப்பதே.

ஒலியின் வேகத்தை நெருங்கினால் கதை மாறுகிறது. ஒலி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதே காற்றின் அடர்த்தி மாறத் தொடங்கும். குறுகிக்கொண்டே போகும் குழாயில் எவ்வளவு உறிஞ்சினாலும் மிகக் குறுகிய இடத்தில் ஒலி வேகத்துக்கு மேல் போகாது. அதைத் தாண்ட, குறுகியபின் மீண்டும் விரியும் லவால் குழல் வேண்டும். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகங்களில் 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் ஒலி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கு மடங்கு வரை போகக்கூடியது. அழுத்திச் சேமித்த காற்றைச் சிறிது நேரம் திறந்துவிட்டுச் சோதிக்கிறார்கள். நம் ஏவுகலங்களும் தேஜஸ் விமானமும் அங்கே சோதிக்கப்பட்டவை. அங்கும் காற்று முதலில் அமைதி அறைக்குள் நுழைந்துதான் குழலுக்குப் போகிறது.

ஒலியை மிஞ்சிய வேகத்தில் வலையும் கூம்பும் போதாது. குழல் சுவரின் படலம் கலங்கினால், அந்தக் கலக்கம் ஒலியலையாகவே நடுவுக்குப் பாய்ந்துவிடும். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் அமைதிச் சுரங்கம், ஒலியைப்போல ஆறு மடங்கு வேகத்துக்கானது, இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறது. குறுகிய இடத்துக்குச் சற்று முன்பே சுவரோரப் படலத்தை ஒரு பிளவு வழியே உறிஞ்சி வெளியேற்றுகிறது. அங்கிருந்து புதிய, மெல்லிய படலம் தொடங்குகிறது. குழலின் உட்புறம் கண்ணாடிபோல மெருகேற்றப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு தூசித் துகளுக்கும் விலை உண்டு.

இவ்வளவு பாடுபட வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆதாயம் பெரிது. நம் 10 சென்டிமீட்டர் குழாயில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், வழவழப்பான சுவரோடும் முழுதாக உருவான ஓட்டத்தோடும் ஒப்பிட்டால், சுழற்சி ஓட்டத்தின் உராய்வு வரிச்சீர் ஓட்டத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு. ஆனாலும் கட்டடங்களின் ஏசி டக்டில் இதைத் தேடாதீர்கள். வளைவும் கிளையும் டேம்பரும் நிறைந்த குழாயில் வரிச்சீர் ஓட்டம் நிற்காது. அங்கே செய்ய வேண்டியது டக்டைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைப்பதும், வளைவுகளில் வழிகாட்டித் தகடுகள் வைப்பதும்தான். வெப்பம் கடத்த வேண்டிய இடங்களில், ரேடியேட்டரிலும் கூலிங் காயிலிலும், கலக்கம் நமக்கு நண்பன். அதை ஒழித்தால் வெப்பம் மாறுவது குறைந்துவிடும்.

மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டர்களிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் லாமினார் ஏர்ஃப்ளோ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் உருவாக்கிய முறை அது. வினாடிக்கு சுமார் 45 சென்டிமீட்டர் வேகத்தில் வடிகட்டிய காற்று ஒரே திசையில் நகர்ந்து தூசியைத் தள்ளிக்கொண்டு போகும். 3 மீட்டர் அகல அறையில் அதன் ரெனால்ட்ஸ் எண் 80,000-ஐத் தாண்டும். புவாசெய் கணக்கில் அது வரிச்சீர் ஓட்டம் ஆகாது. ஆனால் கூரை முழுக்கப் பரப்பிய ஹெப்பா வடிகட்டி ஒரு மாபெரும் வலையாக வேலை செய்து காற்றைச் சமமாக்கி அனுப்புகிறது. பயனுக்கு அது போதும். அந்தக் காற்றின் குறுக்கே ஒரு மேசை விசிறியைத் திருப்பினால் அத்தனையும் பாழ். பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வேண்டிய இடங்களும் உண்டு: காற்றோட்டத்தை அளக்கும் மீட்டர்களின் முன்னால், காற்றுக் கருவிகளைச் சரிபார்க்கும் இடங்களில், விமான, வாகன மாதிரிகளைச் சோதிக்கும் சுரங்கங்களில், கல்லூரி ஆய்வுக்கூடங்களில். இங்கெல்லாம் கலங்கிய காற்று தரும் எண், எய்ஃபெலையும் கெட்டிங்கனையும் போல, உங்களையும் பக்கத்துக் கல்லூரியையும் மோதவிடும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு புராஜெக்டுக்குக் காற்றுச் சுரங்கம் கட்டுகிறவர்கள், மோட்டாரின் குதிரைத்திறனை முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். காற்றின் கலக்கம் எத்தனை சதவீதம் என்பதை அளந்து முதல் பக்கத்தில் எழுதுங்கள். பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று: வரைபடத்தில் இல்லாவிட்டாலும் பெல்மவுத்தையும் வலைக்கான இடத்தையும் நீங்களே கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். மலிவான மோட்டாரும் நல்ல வாயும் உள்ள குழாய், விலை உயர்ந்த மோட்டாரும் வெட்டிவிட்ட வாயும் உள்ள குழாயை எப்போதும் வெல்லும்.